அம்மனுக்கு முதுகு காட்டிய டிஷ்

அண்ணே,

இன்று காலை துணை சுகாதார நிலையத்துக்குப் போகிற வழியில் உங்கள் டிஷ்ஷைப் பார்த்தேன். மல்லாக்கப் போட்டு அதில் கடுக்காய் காய வைத்திருக்கிறார்கள். விளிம்பில் ஒரு கோழி ஏறி உட்கார்ந்து அதிகாரி மாதிரி மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தது. நீங்கள் இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் துவர்ப்பு வாடை மூக்கில் ஏற, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

இப்போது மலைக்கு இன்டர்நெட் கேபிள் வந்துவிட்டது. கரண்ட் கம்பங்களின் மேலேயே இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். செல்போன் டவரும் வந்துவிட்டது. அதனால் டிஷ்ஷுக்கு வேலை இல்லை என்று கழற்றிப் போட்டுவிட்டார்கள். சேவை மையத்தின் பக்கத்தில் அது நின்ற இரும்புக் கம்பம் மட்டும் மொட்டையாக நிற்கிறது.

நான் தியாகதுருகத்திலிருந்து நர்ஸ் வேலைக்கு இங்கே வந்தபோது டவரும் கிடையாது, கேபிளும் கிடையாது. நாலு நாள் மழை பிடித்தால் கச்சிராயபாளையத்திலிருந்து பஸ் ஏறாது. மேகம் இறங்கி வாசலிலேயே உட்கார்ந்துகொள்ளும். மூடி போட்ட பானைக்குள் உட்கார்ந்திருப்பது போல எனக்கு மூச்சு முட்டும். எப்போது மாற்றல் வரும் என்று துணிப்பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருந்தேன். சேவை மையத்தில் ஆபரேட்டராக இருந்த நீங்கள் இதே ஊரில் பிறந்தவர். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

"இன்னா சிஸ்டர், இன்னிக்கும் மூஞ்சி ஜெயில்ல இருக்குது?"

"நீங்க மட்டும் எங்க இருக்கீங்களாம்?"

"நானும் ஜெயில்லதான் கீறேன். பொறந்ததுலேர்ந்து கீறதால பழகிப்போச்சு."

அந்த வருஷம்தான் அரசுத் திட்டத்தில் டிஷ் வந்தது. கம்பி எட்டாத மலை ஊர்களுக்கு வானத்து வழியாக இணைப்பு என்றார்கள். பேரிடர் வந்தாலும் அறுந்துபோகாது, பாதுகாப்பான இணைப்பு, நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்றெல்லாம் வந்த அதிகாரி விளக்கினார். நீங்கள் என் பக்கம் சாய்ந்து, "நம்ம பேசறத நேரா கேக்கவே ஆள காணோம், ஒட்டுக்கேக்க எவன் சிஸ்டர் மல ஏறி வருவான்?" என்றீர்கள். நான் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே எழுந்து போனேன்.

டிஷ் தெற்கு வானத்தைப் பார்த்து நின்றது. அதனால்தான் வம்பு வந்தது. வடக்கே இருக்கும் கோயிலிலிருந்து ஆடித் திருவிழாவில் அம்மனைத் தூக்கி வந்து, மூன்று நாளும் மையத்துக்கு வடபுறம் உள்ள கல்மேடையில் வைப்பார்கள். அந்த மூன்று நாளும் ஊரில் எதுவும் அம்மனுக்கு முதுகு காட்டக் கூடாது. கும்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் பின்பக்கமாகவே நடந்து போவார்கள். வந்து நிற்கிற வேனைக்கூடத் திருப்பி நிறுத்தச் சொல்வார்கள். இவ்வளவு பெரிய டிஷ் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றால் விடுவார்களா? பிடுங்கி எறியச் சொன்னார்கள். நீங்கள்தான் ஊர்க்கவுண்டரிடம் போய் நின்று ஒரு சமாதானம் செய்தீர்கள்.

"மூணு நாளு அம்மாளுக்கு, மீதி நாளு சேட்டிலைட்டுக்கு. நானே திருப்பி வெக்கிறேன், இது என் வாக்கு."

திருவிழா முடிந்ததும் பழைய இடத்துக்கே டிஷ் திரும்ப வேண்டுமே. இம்மி பிசகினாலும் இணைப்பு வராது. என்னிடமிருந்த சிவப்பு நகப்பூச்சை வாங்கிக் கம்பத்தில் ஒரு கோடும் டிஷ்ஷைப் பிடித்திருந்த வளையத்தில் ஒரு கோடும் போட்டீர்கள். இரண்டு கோடும் நேராக வந்தால் வானம் திறந்துவிடும். "சிஸ்டரு நெகத்துக்கு அழகு கம்மி, நம்ம கம்பத்துக்கு ஜாஸ்தி" என்று கிண்டல் வேறு.

அதற்கப்புறம் கள்ளக்குறிச்சி டாக்டரைத் திரையில் பார்க்கலாம் என்றானது. காய்ச்சல்காரர்களை, கர்ப்பிணிகளைக் கூட்டி வந்து உங்கள் நாற்காலியில் உட்கார வைப்பேன். எத்தனையோ பேருக்கு அது உதவியது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

பிறகு அந்த ஆடி. இரண்டாம் நாள் திருவிழா. முந்தைய நாள் முழுக்கக் கொட்டிய மழையில் கீழே வளைவில் மண் சரிந்து ரோடு போய்விட்டது. காலையில் மழை விட்டிருந்தது, பம்பை அடித்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மையத்துக்குள் வந்து பெஞ்சில் படுத்தீர்கள். சட்டையெல்லாம் வேர்வை. எனக்குப் பார்த்ததும் புரிந்துவிட்டது. திருவிழாவுக்காக அம்மன் பக்கம் திருப்பியிருந்த டிஷ்ஷைத் தெற்கே திருப்ப ஸ்பேனரைத் தேடி எடுத்தேன். நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள்.

"வேணாம் சிஸ்டர். வாக்கு குடுத்துக்கிறேன். நாளைக்கு அம்மா வூட்டுக்குப் போயிட்டா திருப்பிக்கலாம்."

"நாளைக்கு நீங்க இருக்கணும்ல?"

கத்திவிட்டேன். உங்கள் பின்னாலேயே ஓடி வந்திருந்த அண்ணி என்னையும் உங்களையும் மாறி மாறிப் பார்த்தார். வெளியே ஓடிக் கூட்டத்தைப் பிளந்து ஊர்க்கவுண்டர் முன்னால் நின்றார். பம்பை நின்றது. சிலர் முணுமுணுத்தார்கள். கவுண்டர் டிஷ்ஷைப் பார்த்தார், மேடையில் இருந்த அம்மனைப் பார்த்தார், மையத்துக்குத் தெற்கே கிடந்த களத்தைப் பார்த்தார்.

"இதுக்கு இன்னாடா ரோசன? அம்மாள தூக்கினு வந்து தெக்கால வையுங்க. டிஷ்ஷு அவள பாத்த மாரியே இருக்கும்."

அவ்வளவுதான் அண்ணே. உங்கள் வாக்கும் நின்றது, கோடும் கோடும் சேர்ந்தது. அம்மனைக் களத்தில் வைத்தார்கள், நான் டிஷ்ஷைத் தெற்கே திருப்பித் திருகை இறுக்கினேன், திரையில் டாக்டர் வந்தார். அந்த நிமிஷம் நீங்கள் பிழைத்துவிட்டீர்கள் என்றே நினைத்தேன். ஊரே நினைத்தது.

டாக்டர் சொன்ன மாத்திரைகளைக் கொடுத்தேன். "உடனே கீழே இறக்கணும் சிஸ்டர், தாமதம் கூடாது" என்றார். அவர் முகம் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது, மூக்குக்கண்ணாடியில் ஒரு கீறல்கூடத் தெரிந்தது. நீங்கள் படுத்தபடியே திரையைப் பார்த்துப் பேசினீர்கள்.

"சார், நீங்க சேட்டிலைட்டு வழியா வந்துட்டீங்க. நான் ரோட்டு வழியாத்தான் வரணும். ரோட்ட காணோம்."

அவர் ஆம்புலன்ஸைச் சரிவுக்கு அந்தப் பக்கம் வரை அனுப்பினார். திரையை அணைக்க வேண்டாம், நான் அடிக்கடி வந்து பார்க்கிறேன் என்றார். அண்ணியைத் திரை முன்னால் உட்கார வைத்துவிட்டு, மூங்கிலில் போர்வையைத் தூளி கட்டி உங்களைத் தூக்கிக்கொண்டு காட்டுப் பாதையில் இறங்கினோம். சேறு முழங்கால் வரை. ஆள் மாற்றி ஆள் தோள் கொடுத்தார்கள். சரிவுக்குப் பக்கத்தில் வரும்போது ஆம்புலன்ஸின் விளக்கு சுற்றுவது மரங்களுக்கு நடுவே தெரிந்தது. "வந்துட்டோம்ணே, தெரியுது பாருங்க" என்று சொல்லிக் குனிந்தேன். நீங்கள் பார்க்கவில்லை.

திரும்பி வந்தபோதும் திரை எரிந்துகொண்டிருந்தது. அண்ணி அசையாமல் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். டாக்டர் எட்டிப் பார்த்து, "இறக்கியாச்சா சிஸ்டர்?" என்று கேட்டார். படமும் குரலும் ஒரு பிசிறு இல்லாமல் வந்தன. எனக்கு அந்த இணைப்பின் மேலேயே ஆத்திரம் வந்தது. பாழாய்ப் போனது, அன்றைக்காவது அறுந்திருக்கக் கூடாதா? அண்ணியை வைத்துக்கொண்டு நான் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

துணிப்பெட்டியைப் பிரித்துவிட்டேன் அண்ணே. மாற்றல் இரண்டு முறை வந்தது, போகவில்லை. பிடித்துப்போய் இருக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். மழை பிடித்தால் இன்றைக்கும் மூச்சு முட்டத்தான் செய்கிறது. ஆனால் கீழே போனால் அங்கேயும் இந்த மலையை நினைத்துத்தான் மூச்சு முட்டும்.

இந்த ஆடியில் அம்மனைத் தூக்கி வந்த பையன்கள், டிஷ்தான் இல்லையே என்று பழையபடி வடக்குக் கல்மேடையில் வைக்கப் போனார்கள். கவுண்டருக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்.

"எங்கடா போறீங்க? தெக்கால வையுங்க. அவன் பாத்துக்கினு இருப்பான்."

மொட்டைக் கம்பத்துக்கு எதிரில் அம்மனை வைத்தார்கள். கம்பத்தில் நம்முடைய சிவப்புக் கோடு மங்கலாக இருந்தது. அண்ணி அதன் மேல் ஒரு குங்குமப் பொட்டு வைத்தார். அப்போது தூறல் ஆரம்பித்தது. எல்லோரும் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்கள். என் கையிலிருந்த போனில் சிக்னல் முழுசாக இருந்தது. நான் திரும்பி ரோட்டைப் பார்த்தேன்.