நாலு வாய்க்கும் ஒரு மூடி

மார்ச் 4, செவ்வாய்

ஏர் ஃபில்டர் வேண்டாமாம்! என் நாத்தனார் பட்டறை வாசலில் நின்றுகொண்டு, நான் இரண்டு வருடமாக உட்கார்ந்து கட்டிய என்ஜினைப் பார்த்துச் சொல்கிறாள்: "அண்ணி, இதுக்கு மேல எதையும் மாட்டிடாதீங்க. அழகே போயிடும்."

அழகு! ஓட்டப்போகிறவள் அவள், கட்டியவள் நான். கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம் பண்ணுகிற மாதிரி பேசுகிறாள்.

சாதாரண காருக்கு மூச்சு இழுக்க ஒரே வாய்தான். அதன் மேல் ஒரு ஃபில்டர் மாட்டினால் வேலை முடிந்தது. இதில் நாலு சிலிண்டருக்கும் தனித்தனி வாய். ஒவ்வொரு வாயிலும் நுனி விரிந்த ஓர் அலுமினியக் குழல். இவர், அதாவது என் வீட்டுக்காரர், லேத்தில் கடைந்து, முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்து மினுக்கிய குழல்கள். அழகில்லை என்று யார் சொன்னது? ஆனால் திறந்த வாய் திறந்த வாய்தானே! அவள் போகப்போவது மலைப்பாதைப் பந்தயம். முன்னால் போகிறவர்கள் ஓரத்து மண்ணையெல்லாம் வாரிக் கிளப்பிவிட்டுப் போவார்கள். அத்தனையும் இந்த நாலு வாய் வழியாக உள்ளே போய் சிலிண்டரை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்.

"பெரிய ரேஸ் வண்டியெல்லாம் அப்படியேதான ஓடுது?" என்கிறாள். ஓடும். அவர்கள் ஒவ்வொரு பந்தயத்துக்கும் என்ஜினைப் பிரித்துப் போட்டுப் புதுசு பண்ணுகிறவர்கள். எனக்கு இருப்பது ஒன்று.

இவரோ? கல்லுளிமங்கன் மாதிரி குழலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 6, வியாழன்

கம்பி வலை போட்டால் போதும் என்று ரேஸ் கிளப்பிலிருந்து ஒருவர் கூப்பிட்டு இலவச ஆலோசனை. வலை கல்லைத் தடுக்கும், காக்காயைத் தடுக்கும். தூசியை?

மார்ச் 9, ஞாயிறு

கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்திருக்கிறோம். என்ஜினின் சக்தியை அளக்கிற மெஷினான டைனோவில் வண்டியை ஏற்றி, ஃபில்டர் இல்லாமல் ஒரு தடவை, போட்டு ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பது. சக்தி குறையவில்லை என்றால் ஃபில்டர் இருக்கும். குறைந்தால் வாயை மூட வேண்டியது நான்.

நாலு குழலுக்கும் நாலு ஃபோம் உறை வாங்கிவந்து எண்ணெய் ஊறவைத்துப் பிழிந்து மாட்டினேன். பானெட் மூட வேண்டுமே என்று கொஞ்சம் குட்டையானதாகப் பார்த்துத்தான் வாங்கினேன். கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது.

மார்ச் 12, புதன்

மானம் போயிற்று.

டைனோ வைத்திருக்கிறவருக்குப் 'பாம்புக்காது' என்று பெயர். காதாலேயே என்ஜினின் கோளாறைக் கண்டுபிடித்துவிடுவாராம். வண்டியை உருளை மேல் நிறுத்தி முதலில் திறந்த வாயோடு ஓட்டினார். அப்புறம் உறைகளோடு. மேல் வேகத்தில் பதினோரு குதிரைச்சக்தி காணோம்! பாம்புக்காது விழுந்து விழுந்து சிரிக்கிறார். "என்னம்மா இது, சளி புடிச்சவன ஓட்டப்பந்தயத்துல விட்ட மாதிரி இருக்கு!"

நாத்தனார் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். என் தோளைத் தட்டி, "பரவாயில்ல அண்ணி" என்றாள். என்ன பரவாயில்லை? யாருக்குப் பரவாயில்லை?

மார்ச் 13, வியாழன்

காலையில் உறைகளைக் கழற்றினேன். உள்பக்கம் பெட்ரோலில் நனைந்து கிடந்தது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

குழலின் வாய்க்கும் ஃபோமின் அடிக்கும் நடுவில் ஒரு விரல்கூட நுழையவில்லை. காற்று நேரே மேலிருந்து மட்டும் வருவதில்லை. நாலா பக்கத்திலிருந்தும் வந்து குழலின் விளிம்பைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே இறங்குகிறது. அதற்குத்தானே நுனியை விரித்துச் செய்வது! உள்ளங்கையை என் வாயருகே வைத்து மூச்சிழுத்துப் பார்த்தேன். திணறுகிறது. போதாததற்கு, வேகத்தில் பெட்ரோல் ஆவி கொஞ்சம் திரும்பி வந்து குழல் மேலே நிற்கும். ஃபோம் அவ்வளவு பக்கத்தில் இருந்தால் அதை உறிஞ்சத்தான் செய்யும். என்ஜின் ஒருமுறை தீயைத் திருப்பித் துப்பினால் நாலும் தீப்பந்தம்.

இத்தனையும் தெரிந்தவள்தான் நான். தெரிந்தும் பானெட் மூடுகிறதா என்று பார்த்து ஃபில்டர் வாங்கினேன்! செருப்புக்காகக் காலை வெட்டிய கதை. வேறு யாராவது செய்திருந்தால் நாள் பூராவும் திட்டியிருப்பேன்.

தனித்தனி உறை வேண்டாம். நாலு குழலையும் சேர்த்து அடியில் ஒரு தகடு, மேலே ஆழமான ஒரே மூடி. வாயின் அகலம் எவ்வளவோ அவ்வளவு இடமாவது எதிரே காலியாக இருக்க வேண்டும். பானெட்? வெட்டவேண்டியதுதான்.

மார்ச் 19, புதன்

தகட்டை இவர்தான் வெட்டித் தந்தார். வேலை சுத்தம், அதில் குறை சொல்ல முடியாது. ஃபோம் மூடியை மாட்டிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அப்போ குழல் வெளிய தெரியாதா?"

"தெரியாதுங்க."

"ஒண்ணுகூடவா?"

"நாலும் உள்ளதான் இருக்கு. எங்க போயிடப்போகுது?"

லேத்துக்குப் போய்விட்டார்.

மார்ச் 22, சனி

மறுபடி டைனோ. வித்தியாசம் ஒரே ஒரு குதிரை! பாம்புக்காது மெஷினைச் சந்தேகப்பட்டு இன்னொரு தடவை ஓட்டினார். அதே கணக்கு. ஒரு வார்த்தை பாராட்டவில்லை, மனுஷன். "இன்னைக்குக் காத்து குளிர்ச்சியா இருக்கு, அதான்" என்றார். அப்படியானால் இன்றைக்கே முதலில் திறந்த வாயோடு ஓட்டினபோது மட்டும் அந்தக் குளிர்காற்று லீவு போட்டுவிட்டதா?

நாத்தனார் வெட்டின பானெட்டையும் அதன் வழியே எட்டிப்பார்க்கிற கறுப்பு மூடியையும் சுற்றிச் சுற்றி வந்தாள். "அழுக்குத் துணி மூட்டை மாதிரி இருக்கு அண்ணி. ஆனா சொன்ன சொல்லு சொன்ன சொல்லுதான். இருக்கட்டும்."

பெரிய மனசு! பந்தயத்தன்று இவள் கழற்றாமல் இருக்கவேண்டுமே. எனக்குத் துளியும் நம்பிக்கையில்லை. கூடவே நின்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொள்ளப் போகிறேன்.

மார்ச் 29, சனி

நாளைக்குப் பந்தயம். எனக்குக் கண்வலி. இரண்டு கண்ணும் வீங்கி ஒட்டிக்கொண்டுவிட்டது. வெளிச்சம் பட்டால் ஊசி குத்துகிறது. நான் போகப்போவதில்லை.

தடவித் தடவியே பட்டறைக்குப் போய், மூடியைக் கழற்றி, நாலு குழலின் உள்ளேயும் ஆழத்தில் விரலால் மெல்லிசாக கிரீஸ் பூசிவிட்டு, மறுபடி மாட்டினேன். ஓட்டி முடித்தபின் அதை வழித்துப் பார்த்தால் போதும். வழவழவென்று வந்தால் ஃபில்டர் வேலை செய்திருக்கிறது. நெறநெறத்தால் தூசி போயிருக்கிறது. இவர் அப்போது வெளியே வேனைக் கழுவிக்கொண்டிருந்தார்.

மார்ச் 30, ஞாயிறு

இருட்டறையில் படுத்திருந்தேன். மத்தியானம் இவர் போனில் கூப்பிட்டார். மூன்றாவது இடம். குரலில் அப்படி ஒரு துள்ளல். "எத்தன பேரு வந்து பாத்தாங்க தெரியுமா!" மூன்றாம் இடத்துக்கு இவ்வளவு கூட்டமா? இருக்கட்டும், சந்தோஷம்தான்.

மார்ச் 31, திங்கள்

நெறநெற.

கண் இன்னும் சரியாகத் திறக்கவில்லை. முதல் குழலில் விரலை விட்டு வழித்ததுமே தெரிந்துவிட்டது. ரெண்டாவது. மூணாவது. நாலும். மணல் அப்பின மாதிரி. என் ஃபில்டர்தான் விட்டிருக்கு. எத்தனை ஜம்பமா பேசினேன்! டைனோவுல ஜெயிச்சேன்னு எத்தனை ஆட்டம்!

நாத்தனாரைக் கூப்பிட்டு, "என் மூடி உன்னைக் கவுத்துடுச்சும்மா, மன்னிச்சுக்கோ" என்றேன். அவள் கொஞ்சம் தடுமாறினாள். "அட, விடுங்க அண்ணி, நீங்க என்ன பண்ணுவீங்க" என்றாள். நான் அழுதேன். கண்வலிக் கண்ணோடு அழுவது எவ்வளவு கொடுமை என்று இன்றுதான் தெரிந்தது.

இவர் பக்கத்திலேயேதான் இருந்தார். டீ போட்டுக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்.

ஏப்ரல் 1, செவ்வாய்

மூடியைக் கழற்றிக் கொண்டுவந்து மடியில் போட்டுக்கொண்டு ஓட்டை தேடினேன். தையல், ஒட்டு, தகட்டின் ஓரம், எல்லாவற்றையும் விரலால் தடவிப் பார்த்தேன். எங்கேயும் இல்லை. இல்லாத ஓட்டை வழியாக எப்படிப் போயிற்று? இவர் தோளைத் தொட்டு, "மனசப் போட்டுக் குழப்பிக்காத" என்றார்.

ஏப்ரல் 2, புதன்

இன்று காலை கண் தெளிந்தது. திங்கட்கிழமை கிரீஸை வழித்துத் துடைத்த துணி மேஜையிலேயே கிடந்தது. விளக்கின் கீழ் விரித்துப் பார்த்தேன். கிரீஸுக்கு நடுவில், மண்ணோடு மண்ணாக ஒட்டிக்கொண்டு, ஒரு வண்டின் இறக்கை. முழுசாக. விரல்நகம் அளவு.

மாவு மாதிரித் தூசியைக்கூட விடாத ஃபோம் வழியாக ஒரு வண்டு எப்படிப் போகும்?

மூடி இல்லாமல் ஓட்டியிருக்கிறார்கள்!

மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நேரே நாத்தனாரின் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். மைதானத்தில் ஓர் அம்மாவுக்கு ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். துணியை அந்தக் காரின் பானெட் மேல் விரித்தேன்.

"சொன்ன சொல்லு சொன்ன சொல்லுன்னியே, இதென்ன? வண்டு ஃபில்டர் வழியா டிக்கெட் வாங்கிட்டு வந்துச்சா?"

அவள் இறக்கையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "நீங்கதான அண்ணி கழட்டச் சொன்னீங்க?"

"நானா?"

"காலைல அண்ணன்தான் கழட்டினான். 'உன் அண்ணியே சரின்னுட்டா, ஒரு நாளைக்குப் போனாப் போகட்டும்னு சொல்லிட்டா'ன்னு சொன்னான். எனக்கு அந்தச் சத்தம் புடிச்சிருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா உங்ககிட்ட கேக்காம நான் தொடுவேனா? திங்கக்கிழமை நீங்க மன்னிப்புக் கேட்டப்பவே ஒண்ணும் புரியல. கண்வலில எதையோ பேசறீங்கன்னு நெனச்சேன்."

காருக்குள் இருந்த அம்மா பிரேக்கை மிதித்தபடியே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் கேட்டேன். பூசி மெழுகவாவது செய்வார் என்று நினைத்தேன். இல்லை. குனிந்த தலை நிமிராமல் சொன்னார்: "அஞ்சு மாசம் தேய்ச்சேன். நீ மேல ஒரு மூட்டைய வெச்சு மூடிட்ட. ஒரு நாளாவது நாலு பேரு பாக்கட்டும்னுதான். ஒருத்தர் வந்து யாரு செஞ்சதுன்னு கேட்டாரு. அதுக்கப்புறம் மாட்ட மனசு வரல. முடிஞ்சதும் மாட்டிட்டேன்."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"முடியாதுன்னுருப்ப."

ஆமாம், முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன்! அதற்காக?

அதுகூடப் போகட்டும். குழலைக் காட்ட ஆசைப்பட்டது எனக்குப் புரிகிறது. நிஜமாகப் புரிகிறது. ஆனா ரெண்டு நாள் — ரெண்டு நாள் முழுக்க நான் என்னையே திட்டிக்கிட்டு, இல்லாத ஓட்டையக் குருடி மாதிரி தடவிக்கிட்டு உக்காந்திருந்தேனே, பக்கத்துலயே நின்னு டீ போட்டுக் குடுத்தியே! மனசக் குழப்பிக்காதன்னியே! எந்த வாயால சொன்ன? உன் தங்கச்சிகிட்ட நான் மன்னிப்புக் கேட்டப்போ காது அடைச்சிருந்துச்சா? இதையெல்லாம் அவரிடம் கத்தியும்விட்டேன். பட்டறை பூராவும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

ஏப்ரல் 3, வியாழன்

பேசவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

என்ஜினைப் பிரித்தாயிற்று. நாலு சிலிண்டரிலும் நெடுக்குக் கீறல். மூன்றாவதில் நகம் மாட்டுகிற அளவுக்கு ஆழம். பிஸ்டன் ரிங் எல்லாம் போயிற்று. ஒரே நாள் ஓட்டம், இரண்டு வருட வேலை. உதவட்டுமா என்று இவர் வந்து நின்றார். வேண்டாம் என்றேன். நின்றுகொண்டே இருந்தார். அப்புறம் போய்விட்டார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

வகுப்பு முடிந்ததும் நாத்தனார் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். "சொல்லுங்க அண்ணி, எத புடிக்கணும்?" ஒரு ஸ்பேனரைச் சரியாகப் பிடிக்கத் தெரியவில்லை இவளுக்கு. எடுத்ததையெல்லாம் கீழே போடுகிறாள். ஆனாலும் கடைசிவரை இருந்தாள்.

ஏப்ரல் 24, வியாழன்

சிலிண்டர்களைக் கடைந்து, ஒரு சுற்றுப் பெரிய பிஸ்டன் போட்டிருக்கிறேன். ரிங்கை உடைக்காமல் உள்ளே இறக்க இன்று நாத்தனார் கற்றுக்கொண்டாள். நாலாவதை அவளே இறக்கினாள். மூடியைப் பார்த்து, "இது அசிங்கம்தான், அதுல மாத்தமில்ல" என்றாள். நானும் அழகு என்று சொல்லவில்லையே! சிரித்துவிட்டோம். மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு. இவர் லேத் பக்கத்திலிருந்து திரும்பிப் பார்த்தார். என்ன ஜோக் என்று நாங்கள் சொல்லவில்லை.

இவள் மேல் எத்தனை சந்தேகப்பட்டேன்! இவளையே பார்த்துக்கொண்டிருந்ததில் வீட்டுக்குள் இருந்தவரைப் பார்க்கவில்லை.

மே 17, சனி

நாளைக்கு மறுபடி மலை. காலையிலேயே காரை வேனுக்குப் பின்னால் கட்டியாயிற்று. மூடியின் போல்ட்டுகளுக்கெல்லாம் நானே கம்பி முறுக்கிப் போட்டிருக்கிறேன். இனி கட்டர் இல்லாமல் யாரும் தொட முடியாது.

வேனில் முன்னால் இரண்டு சீட்தான். எப்போதும் இவர் ஓட்டுவார், பக்கத்தில் தங்கை, நான் பின்னால் டூல் பெட்டிகளோடு. இன்று நான் போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தேன். நாத்தனார் பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

இவர் பட்டறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவள் பக்கத்துக் கண்ணாடியருகே வந்து, "நானும் வரட்டுமா?" என்றார்.

"அண்ணியக் கேளு" என்றாள் அவள், முன்னால் ரோட்டைப் பார்த்தபடியே.

வண்டியைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தார். கேட்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் என்ஜினை அணைக்காமல் காத்திருந்தேன். கேட்டார்.

"பின்னாடி ஏறிக்கோ" என்றேன்.