பன்னிரண்டும் ஜெயித்த அணி

சுகர் லேண்ட்,
டிசம்பர் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

இனியனின் வணக்கம். முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா, இல்லை இப்போதும் விசிலோடு கபடி மைதானத்தில்தான் நிற்கிறீர்களா? நான் நலம்.

ஆபீசில் இன்று ஒரே துக்கம். என்னோடு வேலை செய்யும் பத்ரி அண்ணா படித்த காலேஜ், அமெரிக்க ஃபுட்பாலில் பன்னிரண்டு மேட்ச்சும் ஜெயித்தது. ஆனால் சாம்பியனைத் தீர்மானிக்கும் கடைசிச் சுற்றுக்கு, ஒரு கமிட்டி, அறைக்குள் உட்கார்ந்து வேறு அணிகளைத் தேர்ந்தெடுத்துவிட்டது.

"எல்லாத்தையும் வின் பண்ணியும் செலக்ட் பண்ணலைன்னா, இன்னும் என்னதான் பண்றது இனியா?" என்றார்.

"எங்கப்பா நடத்துற கபடியில யார் யாரோட மோதணும்னு மட்டும்தான் சீட்டுக் குலுக்குவாங்க. யார் உள்ள, யார் வெளியன்னு ஆட்டம்தான் முடிவு பண்ணும்" என்றேன்.

குலுக்கல் என்றதும் அவர் என் தோளில் கைவைத்தார். இங்கே வேலை விசாவுக்கும் சீட்டுக் குலுக்கல்தான்; அதில் மூன்றாம் முறையும் என் பெயர் வரவில்லை என்பது அவருக்குத் தெரியும். உங்களுக்குத்தான் சொல்லவில்லை. பிப்ரவரியோடு இங்கே வேலை செய்யும் பெர்மிட் முடிகிறது. வேலையில் குறை ஒன்றும் இல்லை அப்பா. போன மாதம்கூடப் பாராட்டினார்கள்.

பத்ரி அண்ணா காரில் காத்திருக்கிறார், முடிக்கிறேன். பரணில் என் இரண்டு பெரிய பெட்டிகளுக்கு இடம் ஒழித்து வையுங்கள். அம்மா கேட்டால், போட்டிக்கான கோப்பைகள் வைக்க என்று சொல்லிவிடுங்கள்.

இனியன்