கருவாட்டுச் சாக்கில் வந்த நங்கூரம்

நேற்று மாலை கட்டிலுக்கு அடியிலிருந்து அந்தச் சாக்கை இழுத்து வெளியே எடுத்தேன். வாய்க்கட்டை அவிழ்த்ததுமே கருவாட்டு வாடை முகத்தில் அடித்தது. நீ போய் இத்தனை மழைக்காலம் கழிந்தும் அது போகவில்லை. உள்ளே நம் நங்கூரம். அதன் தகடுகளின் ஓரத்தில் காசல்ரீ நீர்த்தேக்கத்தின் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. விரல் பட்டதும் தேயிலைத் தூள் மாதிரி உதிர்ந்தது.

நானாக அதை எடுக்கவில்லை. உன் அண்ணன் வந்து கேட்டதால் எடுத்தேன். ஆம், அவரேதான். கொட்டகலையில் நான் வீடு கட்டிக் குடிவந்து எவ்வளவோ காலமாகிறது. ஒருநாளும் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காத மனுஷர், நேற்று வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். உன் படகு இப்போது அவருடைய பங்களாவில் தங்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு சுற்றுகிறது. போன வாரம் ஒரு குடும்பம் நடுநீரில் நிறுத்தச் சொல்லிப் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது, நங்கூரம் பிடிக்காமல் படகு நழுவிப் போய்ப் பாறையில் இடித்திருக்கிறது. குழந்தைகளும் இருந்திருக்கிறார்கள். நல்லவேளையாக யாருக்கும் அடியில்லை.

"நீங்க ரெண்டு பேரும் எதைப் போட்டு நிப்பாட்டினீங்க, மாஸ்டர்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை அவர் எவ்வளவு சாதாரணமாகக் கேட்டார் என்பதை நீ பார்த்திருக்க வேண்டும்.

நீ ஹட்டன் பஜாரில் ஒரு பலசரக்குக் கடையின் இளைய மகன். நான் அந்தக் கடையில் மாதச் சாமான் வாங்கிய தோட்டத் தொழிலாளியின் மகன். பள்ளிக்கூடத்து வாங்குப் பலகையில் பக்கத்தில் உட்கார்ந்ததால் மட்டுமே நமக்குள் பழக்கம் வந்தது. நான் பட்டம் வாங்கி ஆசிரியராகத் திரும்பி வந்த பிறகும் உன் அண்ணனுக்கு நான் கல்லாவுக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டியவன்தான். தேநீர் வரும், குறை சொல்ல முடியாது. ஆனால் அது கடை வாசலுக்குத்தான் வரும். உன் வீட்டு மாடிப்படியில் நான் முதன்முதலாக ஏறியது உன் உடலைப் பார்க்கத்தான். இதை நான் மறக்கவில்லை, மறக்கவும் போவதில்லை. பள்ளி அதிபர் பதவி எனக்கு வராமல் போனபோது, "விடுடா, அந்த நாற்காலி ஒனக்குப் பத்தாது" என்று சிரிக்க வைத்தவன் நீ. உன்னைத் தவிர வேறு யாரும் அன்று என்னிடம் அதைப் பற்றிப் பேசக்கூட இல்லை.

உனக்கு இதயம் பலவீனமானதும் முதலில் போனது தூக்கம். படுத்தால் மூச்சு முட்டும். விடிய விடிய உட்கார்ந்தே இருந்துவிட்டுக் காலையில் கடை திறப்பாய். அந்தச் சமயத்தில்தான் டிக்கோயாப் பக்கம் யாரோ ஒரு விடுமுறைப் பங்களாவை மூடுகிறார்கள், படகை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு யாரிடமும் சொல்லாமல் போய் வாங்கினாய். உன் வாழ்க்கையில் அண்ணனைக் கேட்காமல் நீ செய்த முதல் காரியம் அது. முதல் ஞாயிற்றுக்கிழமை நான் துடுப்புப் போட, நீ பின்பக்கப் பலகையில் தலையணையை முட்டுக் கொடுத்துச் சாய்ந்தாய். கொஞ்ச நேரத்தில் பேச்சு நின்றது. திரும்பிப் பார்த்தால் உன் கண் மூடியிருந்தது. நான் துடுப்பை நீரில் வைத்த சத்தத்தில் விழித்துக்கொண்டு, "வீட்டுல மூணு தலகாணி வச்சும் வராத தூக்கம், இங்க வருதே மச்சான்" என்றாய்.

அன்றிலிருந்துதான் நங்கூரம் நமக்கு ஒரு கவலையாயிற்று. துடுப்புப் போட்டால் நீ விழித்துவிடுவாய். போடாவிட்டால் காற்று படகைக் கொண்டுபோகும். நீ தூங்க வேண்டுமானால் படகு தானாக நிற்க வேண்டும்.

உங்கள் குடும்பத்துக்கு எதையும் நிறுத்துப் பார்க்காமல் நம்பத் தெரியாது. பாரமாக இருந்தால் பிடிக்கும் என்று நீ முடிவு கட்டி, கடையின் பழைய பெரிய தராசிலிருந்து ஆகப் பெரிய எடைக்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தாய். கயிற்றையும் கடைக்காரனாகவே வெட்டினாய். நீரின் ஆழத்துக்கு மேல் ஒரு முழம், அவ்வளவுதான். தேவைக்கு மேல் கயிறு வெட்டினால் உனக்குக் கை கூசும். நானும் அதைச் சரி என்றே நினைத்தேன். இரண்டு பேரில் ஒருவராவது கடலோரத்தில் பிறந்திருக்க வேண்டும்.

அந்தக் கல் சேற்றின் மேல் வழுக்கிக்கொண்டே வந்தது. நீ தூங்கினாய், நான் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன், படகு அதுபாட்டுக்குப் போய் ஒரு தேயிலை மலையின் அடியில் மண்ணில் முட்டி நின்றது. கொழுந்து கூடிய காலமாதலால் ஞாயிறும் வேலை நடந்தது. மேலேயிருந்து கூடையோடு ஒரு பெண் எட்டிப் பார்த்து, "என்னங்க மொதலாளி, ஆள் பத்தலன்னு நீங்களே கொழுந்தெடுக்க வந்துட்டீங்களா?" என்று கேட்டாள். மலை முழுவதும் சிரித்தது. நீயும் இருமல் வரும்வரை சிரித்தாய். ஆனால் அதற்குப் பிறகு படகில் உனக்குத் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் கரை நெருங்கி வருவது போல் இருக்கிறது என்றாய்.

அடுத்தது, வெல்டிங் கடையில் கம்பியை வளைத்துச் செய்வித்த நாலு கொக்கி நங்கூரம். அது பிடித்தது, விடாமல் பிடித்தது. அணை கட்டித் தண்ணீர் நிரப்பியபோது முங்கிப்போன தேயிலைச் செடிகளின் கட்டைகள் அடியில் இன்னும் நிற்கின்றன என்பது நமக்கு உறைக்கவில்லை. கிளம்பும் நேரம் கொக்கி வரவில்லை. நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் நீயும் சேர்ந்து இழுத்தாய். உன் உதடு நீலம் பாரித்ததைக் கண்டு கயிற்றை அறுத்துவிட்டேன். மறுநாள் உன் அண்ணன் கடையில் வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே என்னைப் பிடித்துக்கொண்டார். "படிச்ச ஆளுதானே நீங்க? நோயாளியத் தண்ணியில கொண்டு போய்ச் சாகடிக்கப் பாக்குறீங்களா?" நீ பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தாய். தலை நிமிரவில்லை.

அந்தக் கோபத்தில்தான் நான் தேடித் தேடிப் படித்தேன். நங்கூரம் பாரத்தால் பிடிப்பதில்லை, மண்ணுக்குள் இறங்கிப் பிடிக்கிறது. அடி எப்படிப்பட்டது என்று பார்த்துத்தான் அதை வாங்க வேண்டும். நம் நீர்த்தேக்கத்தின் அடி, மலைகளிலிருந்து கழுவி வந்த சேறு. அதற்கு ஏற்றது கலப்பைபோல் சாய்ந்து இறங்கும் அகன்ற இரண்டு தகடுகள் கொண்ட வகை. தகடு இறங்குவதற்கு இழுப்பு கிடையாக இருக்க வேண்டும். அதனால் நங்கூரத்தின் கழுத்தில் முதலில் ஒரு துண்டுச் சங்கிலி, பிறகு நீளமான கயிறு. எவ்வளவு நீளம் என்று கேட்டாய். ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு, காற்றடிக்கும் நாளில் ஏழு மடங்கு என்றேன். "ஏழு மடங்கா? கயித்துக்கடைக்காரன் எழுதினதாடா அது?" என்றாய். ஆனால் எடைக்கல் ஏன் வழுக்கியது என்பது உனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. மழையில் நீர்மட்டம் ஏறுவதும் மின்சாரத்துக்குத் திறந்துவிடும்போது இறங்குவதுமான இடத்தில், ஒருநாள் அளந்த ஆழத்தை என்றைக்கும் நம்பக்கூடாது என்று நீயே சொன்னாய். தகட்டின் பின்பக்கம் இன்னொரு மெல்லிய கயிறு கட்டி அதற்கு ஒரு மிதவை போடும் யோசனையும் நீ சொன்னதுதான். கட்டையில் மாட்டினால் வந்த வழியே பின்னால் இழுத்து எடுத்துவிடலாமே என்றாய். அதே யோசனையை நான் பிறகு ஒரு புத்தகத்தில் பார்த்தேன். உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லியிருப்பாய்.

நீர்கொழும்பிலிருந்து கடைக்குக் கருவாடு அனுப்பும் வியாபாரியிடம் நீ ரகசியமாகத் தொலைபேசியில் சொல்லி வைத்தாய். கருவாட்டு மூட்டைகளோடு மூட்டையாக லொறியில் நங்கூரம் வந்து இறங்கியது. உன் அண்ணன் சாமான் எண்ணும்போது நீ அதை உன் காலால் தள்ளித் தள்ளி மாவு மூட்டைக்குப் பின்னால் ஒளித்த கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பாய்.

போட்ட முதல் நாள் நினைவிருக்கிறது. தகடு அடியைத் தொட்டதும் கயிற்றைத் தாராளமாக விட்டோம். நான் பின்பக்கமாகத் துடுப்புப் போட்டேன். கயிறு விறைத்தது, படகு ஒரு தடவை குலுங்கிவிட்டு நின்றது. கரையில் ஒரு யூக்கலிப்டஸ் மரமும் அதற்குப் பின்னால் தேயிலைத் தொழிற்சாலையின் புகைபோக்கியும் ஒரே கோட்டில் தெரிந்தன. அவை விலகினால் படகு நகர்கிறது என்று அர்த்தம். "நான் பாத்துக்கிறேன், நீ தூங்கு" என்றேன். வெயில் சாயும்வரை அந்த மரத்தையும் புகைபோக்கியையும் விட்டு நான் கண் எடுக்கவில்லை. அவை விலகவில்லை. விழித்ததும் நீ கேட்டது, "கொறட்டை விட்டேனா?" என்றுதான். கரையிலிருக்கும் நாய்கள் பதில் குரைத்தன என்று சொன்னேன்.

அப்படி எத்தனை ஞாயிறு கிடைத்தது நமக்கு? மிகக் கொஞ்சம். மழை பிடித்ததும் உன் அண்ணன் படகைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் பங்களாவின் கொட்டகையில் பூட்டினார். குளிர் நெஞ்சுக்கு ஆகாது என்றார். நங்கூரம் மட்டும் அவர் கண்ணில் படாமல் சாக்கோடு என் வீட்டிலேயே இருந்துவிட்டது. வெயில் வந்த பிறகும் பூட்டு திறக்கவில்லை. அவர்மேல் எனக்கு இருக்கும் கோபம் உனக்குத் தெரியும். உன்மேலும் எனக்குக் கோபம் உண்டு, அது உனக்குத் தெரியாது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் நீ. "அண்ணன் நல்லதுக்குத்தான்டா செய்யிறாரு" என்று சொல்லிவிட்டு மாடியறை நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாய். மாதக்கணக்கில் அதிலேயே உட்கார்ந்திருந்தாய், தூங்காமல். தொலைபேசியில் உன் குரல் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தது. சாவு வீட்டில் வந்தவர்களிடமெல்லாம், "தூக்கத்துலயே போயிட்டான், எந்தக் கஷ்டமும் படல" என்று உன் அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார். லொறிச் சாரதிகளோடு வெளியே நின்ற எனக்கு அது காதில் விழுந்தது.

நேற்று அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தகடு, சங்கிலி, ஏழு மடங்கு, மிதவை, மரத்தைக் குறிவைப்பது, ஒன்றையும் விடவில்லை. படகில் பிள்ளைகள் ஏறுகிறார்கள். அதில் என் கோபத்தைக் காட்ட முடியாது. அவர் நங்கூரத்தையே கேட்டபோது மட்டும், "அது குடுக்கிறதுக்கு இல்லீங்க. நீர்கொழும்புல சொன்னா வேற அனுப்புவாங்க" என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. எழுந்து வாசல்வரை போனார். செருப்பை மாட்டப் போனவர் மாட்டாமல் நின்றார். அவருக்கும் வயதாகிவிட்டது; கதவு நிலையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

"மாஸ்டர், அவன் அங்க நெசமாவே தூங்கினானா?"

இந்தக் கேள்வி வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று நான் பல வருஷமாக மனதுக்குள் வார்த்தைகளைத் தீட்டி வைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அவற்றில் ஒன்றுகூட வரவில்லை.

"தூங்கினான்" என்றேன். "கொறட்டை விட்டுத் தூங்கினான்."

இன்னும் ஏதாவது சொல்வேன் என்று அவர் காத்திருந்தார் என்பது எனக்குப் புரிந்தது. பிறகு போய்விட்டார். நான் அவரை மன்னிக்கவில்லை. அதை நீ என்னிடம் எதிர்பார்க்காதே.

தூங்கும்போது உன் இடது கை படகுக்கு வெளியே தொங்கி, விரல் நுனி தண்ணீரைத் தொட்டுக்கொண்டே இருக்கும். சின்ன அலை வரும்போதெல்லாம் விரல்கள் மட்டும் லேசாக அசையும், முகம் அசையாது. அதை அவரிடம் சொல்லவில்லை. பார்த்தவன் நான் ஒருவன்தான். அது என்னிடமே இருக்கட்டும்.