இலைக்கு அடியில் பஞ்சு

போன வாரம் ஒரு கல்யாண மண்டபத்தில் என் மானம் போனது. வரவேற்பு மேசையில் மஞ்சள் பூச்செடி ஒன்று இருந்தது. கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டுப் போன நான், குனிந்து ஓர் இலையைத் திருப்பி அடியைத் தடவினேன். விலைச் சீட்டு தட்டுப்பட்டது. பிளாஸ்டிக். சந்தனக் கிண்ணத்தோடு நின்ற பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எல்லாம் உன்னால்தான், பாவி. செத்து ஒரு வருடம் ஆகியும் என் கையை விடமாட்டேன் என்கிறாய்.

ஜோகுபாளையம் நர்சரியில் நீயும் நானும் எதிரெதிரே குந்தி நாற்றுப் பிரித்தது மறக்குமா? நந்தி மலைச் சரிவிலிருந்து வந்த விதையைப் போட்டால் இரண்டு வகை மஞ்சள் பூச்செடி கலந்தே முளைக்கும். அக்காள் தங்கை மாதிரி ஒரே ஜாடை. ஒன்று வருடக்கணக்கில் நிற்கும். இன்னொன்று ஒரு தடவை பூத்து, விதைவிட்டதும் செத்துப்போகும். ஓனரம்மா சொன்ன இங்கிலீஷ் பேர் நம் வாயில் நுழையாததால் ‘இருக்கறவ’, ‘போறவ’ என்று நீதான் பேர் வைத்தாய். நாற்றிலேயே தனித்தனி ட்ரேயில் பிரிக்க வேண்டும். மாற்றி விற்றுவிட்டால், காய்ந்த தொட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு பால்கனிக்காரர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

“இப்பரு பேடா, ஒப்பரு சாக்கு” என்றார் ஓனரம்மா ஒருநாள், கன்னடத்தில். இரண்டு பேர் வேண்டாம், ஒருத்தி போதும்; ட்ரேயில் தப்புப் பண்ணாதவள் நிற்கலாம் என்றார். என் வீட்டுக்காரர் கால் ஒடிந்து படுத்திருந்த நேரம். உனக்கும் மகள் படித்துக்கொண்டிருந்தாள். வெட்கத்தை விட்டு உன்னிடமே கேட்டேன்.

“ஒனக்கு மட்டும் எப்படிடி தப்பே வரல?”

“மூஞ்சியப் பாத்து மயங்காத சரசு. ஒம் புருசன அப்படித்தான கட்டிக்கிட்ட?”

“நீ ஒம் புருசன எதப் பாத்துக் கட்டுன? முதுகப் பாத்தா?”

“இப்பவும் முதுகுதான் தெரியுது. வீட்ல எங்க நிக்கிறான் அவன்? சரி, எலையத் திருப்பு. அடியில வெள்ளையா பஞ்சு இருந்தா இருக்கறவ. வழவழன்னா போறவ.”

நம்பினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் பஞ்சு. நீ எதிரில் உட்கார்ந்து பாட்டு முனகிக்கொண்டிருந்தாய்.

செடி ஒரு சாண் வளர்ந்ததும் என் ட்ரேயில் பாதிக்குப் பஞ்சு உதிர்ந்துவிட்டது. குட்டியில் இரண்டுக்குமே பஞ்சு உண்டு, வளர்ந்தால்தான் போறவளுக்கு உதிரும் என்பதை நீ சொல்லவே இல்லை. ஓனரம்மா என்னை அனுப்பிவிட்டார். சாப்பாட்டுப் பையை எடுக்கும்போதுதான் உன் விரலைக் கவனித்தேன். அது ஓர் இலையைக்கூடத் திருப்பவில்லை. இலை தண்டில் சேரும் இடத்தைத் தொட்டது. போறவளுக்கு அங்கே இரண்டு குட்டிக் காது தண்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். நான் பார்ப்பது தெரிந்ததும் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாய்.

“என்னடி பாக்குற? போ, நீலசந்திரா பஸ்ஸு போயிடும்.”

அபார்ட்மென்டில் மாடிப்படி பெருக்கிய வருடமெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டேதான் பெருக்கினேன். நீ செத்த சேதி வந்தபோது அழுகை வரவில்லை. பாதித் திட்டு பாக்கி இருக்கும்போதே போய்விட்டாளே என்றுதான் ஆத்திரம் வந்தது.

முந்தாநாள் உன் முதல் திதி. உன் மகள் போன் பண்ணினாள்.

“அத்தே, அம்மா போட்டோ முன்னாடி அந்த மலைப்பூ வெக்கணும். இருக்கறவதான் அம்மாவுக்குப் பிடிக்கும். ஒங்களுக்குத்தான் அடையாளம் தெரியும்.”

“உங்கம்மா என்னப் பத்திப் பேசுவாளா?”

“தெனமும் அத்தே. ஒங்களத் திட்டாம சோறு எறங்காது.”

மனசுக்கு நிறைவாக இருந்தது. நர்சரிக்குப் போனேன். தண்டில் காது இருக்கிறதா என்று நான் பார்க்கவே இல்லை. நீ ஒளித்த வித்தை எனக்கு எதற்கு? வாய் திறந்து சொன்ன அடையாளத்தை வைத்தே சரியாக எடுத்து, உன் முகத்துக்கு நேரே வைக்கிறேன் என்று வீம்பு. வளர்ந்து பூத்த செடியாகப் பார்த்து இலையைத் திருப்பினேன். அடியில் திட்டுத்திட்டாக வெள்ளை. விரலுக்கு மெத்தென்று இருந்தது.

உன் போட்டோவுக்கு முன்னால், துளசித் தொட்டியை ஒட்டி வைத்தேன். உன் மகள் தண்ணீர் தெளித்தாள். பஞ்சு நகர்ந்தது.

மாவுப்பூச்சி. தண்டைப் பார்த்தால் இரண்டு காது; செடி போறவ. சாயங்காலத்துக்குள் துளசியிலும் ஏறிவிட்டது.