நாற்பத்திரண்டு சைஸ் மஞ்சள் சட்டை

ஐயம்பேட்டை,
14.7.2025

அன்புள்ள ராமராஜனுக்கு,

தணிகாசலம் எழுதுவது. போனில் என் நம்பரை நீ தடுத்து வைத்திருக்கிறாய். தபால்காரரைத் தடுக்க முடியாது என்பதால் இந்தக் கடிதம். முகவரியை உன் தங்கையிடம் கெஞ்சி வாங்கினேன், அவளைத் திட்டாதே. எழுத்தைப் பார்த்ததும் கிழிக்கப் போனால், இரண்டாவது பத்தி வரைக்குமாவது படித்துவிட்டுக் கிழி.

புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமைக்கு நம் குப்புசாமி கோஷ்டி வழக்கம்போல் திருப்பதிக்கு நடக்கிறது. செப்டம்பர் 23, செவ்வாய் காலை புறப்பாடு. எனக்கு முட்டி தேய்ந்துவிட்டது. டாக்டர், "நடக்கறதுன்னா நடங்க, ஆனா முதுகுல நாலு கிலோவுக்கு மேல ஏறவே கூடாது" என்று சொல்லிவிட்டார். என் பையைக் கடையில் பட்டு நூல் நிறுக்கும் தராசிலேயே வைத்துப் பார்த்தேன். ஆறு கிலோ முந்நூறு. தண்ணீர் பாட்டிலும் மாத்திரையும் போக எல்லாமே துணி.

நீ பனியன் கம்பெனியில் நாள் முழுக்கத் துணியோடு இருப்பவன். நடைக்கு எடை குறைந்த துணி எது, எதை எடுப்பது, எதை விடுவது என்று நீதான் சொல்ல வேண்டும். கோஷ்டியில் கேட்டால், "வேன்ல பைய போட்டுக்கினு வாங்கண்ணா" என்கிறார்கள். வேனில் பையை அனுப்பிவிட்டுக் கையை வீசிக்கொண்டு நடந்தால் அது நடையா?

முதல் வருஷம் நினைவிருக்கிறதா? ஆளுக்கு ஒரு மஞ்சள் வேட்டி, ஒரு துண்டு. திருத்தணியில் வேட்டியைத் துவைத்து, நீ ஒரு முனை நான் ஒரு முனை பிடித்துக்கொண்டு காற்றில் காயவைத்தோம். துண்டோடு நின்ற நம்மைப் பார்த்து மோர்ப்பந்தல் அம்மாள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

பதில் போடுவாய் என்று நம்புகிறேன்.

தணிகாசலம்

*

திருப்பூர்,
25.7.2025

தணிகாசலத்துக்கு,

கடிதம் கிடைத்தது. துணியைப் பற்றிக் கேட்டதால் பதில்.

இத்தனை வருஷம் தராசைப் பிடித்தவன் ஒன்றைக் கவனிக்கவில்லை. நீ உலர்ந்த துணியை நிறுக்கிறாய். நடக்கிறவன் சுமப்பது வியர்வையிலும் மழையிலும் நனைந்த துணியை. உன் பருத்திச் சட்டையை நனைத்து, பிழிந்து, நிறுத்துப் பார். பிறகு மணிக்கு ஒரு தரம் நிறுத்து, எப்போது பழைய எடைக்கு வருகிறது என்று பார். புத்தூர் மழையில் உலர்ந்த சட்டை இல்லாமல் நின்றவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

மெல்லிய பாலியெஸ்டர் பனியன் துணி நல்லது. ஜிஎஸ்எம் 120 போதும். அதாவது ஒரு சதுர மீட்டர் துணி 120 கிராம். போர்வையை விட்டுவிடு, கைலியே போர்வை. துவாலை வேண்டாம், ஈரிழைத் துண்டு எடு. தொடை உரசாமல் இருக்க வேட்டிக்குள் முட்டி வரைக்கும் ஒட்டினாற்போல ஒரு அரைக்கால்சட்டை போடு.

என்னென்ன வைத்திருக்கிறாய் என்று சைஸோடு எழுது. சைஸ் கூடினால் எடையும் கூடும்.

ராமராஜன்

*

ஐயம்பேட்டை,
4.8.2025

அன்புள்ள ராமராஜா,

உன் கையெழுத்து மாறவே இல்லை. வீட்டில் கிருஷ்ணம்மாளிடம் காட்டினேன். "கோவமா எழுதினாலும் அண்ணன் தொடை உரசறதுக்குக்கூட மருந்து சொல்லிக்கினு இருக்குது பாருங்க" என்றாள்.

நீ சொன்ன பரீட்சையை வைத்தேன். கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, நனைத்துப் பிழிந்த சட்டையைத் தராசில் வைத்தேன். முதலாளி எங்கிருந்தோ வந்துவிட்டார். "இன்னாய்யா தணிகாசலம், பட்டு வெக்கிற தட்டுல ஈரச் சட்டைய வெச்சிக்கினு இருக்குற?" திருப்பதி நடைக்கு என்றேன். மனிதர் பெருமாள் பக்தர், அடங்கிவிட்டார். பிறகு அவரே மணிக்கு ஒரு தரம் வந்து, "இப்ப எவ்ளோ?" என்று கேட்க ஆரம்பித்தார். உலர்ந்தபோது 210, பிழிந்தபோது 440. நாலு மணி நேரம் கழித்தும் 290. நீ சொன்னதுதான் சரி. இத்தனை வருஷம் தண்ணீரைத்தான் தோளில் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறேன்.

பையில் இருப்பது: மஞ்சள் சட்டை நான்கு, மூன்று 38, ஒன்று 42. வேட்டி மூன்று. போர்வை ஒன்று, அதை இப்போதே எடுத்துவிட்டேன். துவாலையும் போயிற்று. கைலி, துண்டு, உள்ளாடைகள். கிருஷ்ணம்மாள் திணித்த ஸ்வெட்டர் ஒன்று, அதை அவளுக்குத் தெரியாமல் எடுக்க வேண்டும்.

நகரி தாண்டியதும் சாலையோரம் கரும்பு ஆட்டும் இடம் இருந்ததே, அது இப்போது இல்லை. ஒவ்வொரு வருஷமும் அங்கே வந்ததும் கால் தானாக நின்றுவிடுகிறது.

தணிகாசலம்

*

திருப்பூர்,
16.8.2025

தணிகாசலம்,

உன் முதலாளி ஈரச் சட்டைக்குக் காவல் இருந்ததைப் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். வீட்டில் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

தனிப் பார்சலில் மூன்று மஞ்சள் டீ-சர்ட் அனுப்பியிருக்கிறேன். 38, ஜிஎஸ்எம் 120, ஒன்று 130 கிராம்தான். எங்கள் கம்பெனியில் ஓட்டப்பந்தயக்காரர்களுக்குத் தைப்பது. உன் பழைய சட்டை மூன்றையும் வீட்டில் வை. வேட்டி இரண்டு போதும், ஒன்று இடுப்பில், ஒன்று பையில்.

அந்த 42 எதற்கு? உனக்கு ஆயுசுக்கும் 38தான். பருத்துவிட்டாயோ என்று உன் மகள் சத்யப்ரியா கல்யாணப் படத்தை என் தங்கையிடம் வாங்கிப் பார்த்தேன். அப்படியேதான் இருக்கிறாய், கொடிக்கம்பம் மாதிரி. இரவல் சட்டையா? அதையும் எடுத்துவிடு. எடை எவ்வளவு வருகிறது என்று எழுது.

நகரிக் கரும்புச்சாறில் இஞ்சி அதிகம் போடுவான். நீ ஒவ்வொரு வருஷமும் சண்டை போடுவாய்.

ராமராஜன்

*

ஐயம்பேட்டை,
28.8.2025

அன்புள்ள ராமராஜா,

பார்சல் வந்தது. போட்டுக்கொண்டு வெயிலில் மாகறல் கோயில் வரைக்கும் நடந்து பார்த்தேன். வியர்த்தது தெரிந்தது, காய்ந்தது தெரியவில்லை.

இப்போது பை நாலு கிலோ இருநூற்று முப்பது. அந்த 42 சட்டை 240 கிராம். அதை எடுத்துவிட்டால் மூன்று கிலோ தொள்ளாயிரத்துத் தொண்ணூறு, டாக்டர் சொன்னதற்குள் வந்துவிடும். எடுத்து வெளியே வைத்தேன். மறுபடி உள்ளே வைத்தேன். இப்படியே மூன்று நாள் ஆகிறது.

அது உன் சட்டைடா. 2013இல் என் பையில் தங்கிப்போனது. இரண்டு பை எதற்கு, சுமை கூடும், ஒன்றே போதும் என்று சொல்லி உன் துணியையும் என் பையில் வைத்தவன் நான்தான். பன்னிரண்டு வருஷமாக ஒவ்வொரு நடைக்கும் அதைத் துவைத்து எடுத்துப் போகிறேன். வழியில் எங்காவது நீ நனைந்து நின்றால் கொடுக்கலாம் என்று. திருப்பூரில் இருக்கிறவன் புத்தூரில் எப்படி நிற்பான் என்று கேட்காதே. கிருஷ்ணம்மாள் கேட்டுவிட்டாள்.

நான் வேண்டுதலை முடிக்கும் அவசரத்தில் உன்னை மழையில் விட்டுவிட்டுப் போனதாக நீ நினைக்கிறாய். நடந்தது வேறு. புத்தூர் தாண்டி மழை பிடித்ததும் கூட்டம் கலைந்துவிட்டது. உன்னைக் காணவில்லை. "கோவிந்தா!" என்று குரல் கொடுத்தேன். பின்னாலிருந்து "கோவிந்தா!" என்று பதில் வந்தது. நீதான் என்று நடந்தேன். அரை மணிக்கு ஒரு தரம் கூப்பிட்டேன், ஒவ்வொரு தரமும் பதில் வந்தது. ரேணிகுண்டா நெருங்கும்போது திரும்பிப் பார்த்தால், என் பின்னால் வந்தவர் யாரோ ஒரு ஆரணிக்காரர். மலைக்குப் போகிற வழியில் கோவிந்தா என்றால் யார்தான் பதில் சொல்ல மாட்டார்கள்? உன் பேரைச் சொல்லிக் கூப்பிடத் தோன்றாத மடையன் நான்.

அங்கிருந்தே திரும்பி ஓடி வந்தேன். புத்தூரில் நீ இல்லை. அந்த வருஷம் நான் மலை ஏறவே இல்லை. நீ காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இதைச் சொல்லலாம் என்று வந்து நின்றேன். நீ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. பிறகு ஒரு வார்த்தை சொல்லாமல் திருப்பூர் போய்விட்டாய்.

உனக்குக் காய்ச்சலில் நெஞ்சில் சளி கட்டியது என்னால்தான். மன்னித்துவிடு. முட்டி வலியெல்லாம் பொய்யில்லை, ஆனால் உனக்குக் கடிதம் எழுத அது ஒரு சாக்காகவும் இருந்தது.

சட்டையை என்ன செய்வது? நீ சொல்கிறபடி செய்கிறேன்.

தணிகாசலம்

*

திருப்பூர்,
9.9.2025

அன்புள்ள தணிகாசலம்,

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனாலும் இதைப் பேசிச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

நீ முதல் தரம் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. எத்தனை கூட்டம் இருந்தாலும் உன் தொண்டை எனக்குத் தெரியாதா? சாலையோரப் புளியமரத்தடியில் செருப்பைக் கழற்றி வைத்து உட்கார்ந்திருந்தேன். அன்று காலையில் கோஷ்டி முன்னால் நீ என்ன சொன்னாய்? "எரும மாடுகூட உனக்கு முன்னாடி போயி சேந்துடும்டா." எல்லாரும் சிரித்தார்கள். குப்புசாமிகூடச் சிரித்தார். அந்தக் கோபத்தில் வாயை மூடிக்கொண்டேன். பதில் வராவிட்டால் பயந்துபோய்த் தேடிக்கொண்டு வருவான், வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பதிலாக வேறு யாரோ கோவிந்தா சொல்லிவிட்டார் என்பது உன் கடிதத்தைப் படிக்கும் வரை எனக்குத் தெரியாது. நீ வரவில்லை. மழைதான் வலுத்தது. சாயங்காலம் நடுக்கத்தோடு பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பியது கோபத்தில் இல்லை, வெட்கத்தில். நீ விட்டுவிட்டுப் போனாய் என்று ஊரெல்லாம் பேசியது. நான் மறுக்கவில்லை. மறுத்தால் என் வாய் மூடியிருந்த கதையைச் சொல்ல வேண்டும். அந்தப் பழியை உன் முதுகில் ஏற்றிவிட்டு இங்கே உட்கார்ந்து எடை குறைந்த துணி எதுவென்று உனக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன்டா. மன்னிப்பு நான்தான் கேட்க வேண்டும்.

சட்டையைப் பையிலிருந்து எடுத்துவிடு. அதை நீ சுமந்தது போதும். 22ஆம் தேதி திங்கள் சாயங்காலம் உன் வீட்டுக்கு வருகிறேன். கிருஷ்ணம்மாளை அந்தச் சட்டையைத் துவைத்து வைக்கச் சொல். மறுநாள் காலை அதைப் போட்டுக்கொண்டுதான் நடக்கப் போகிறேன். பருத்தி நனைந்தால் கனக்கும், காயாது, எல்லாம் தெரியும். இப்போது எனக்கு 44 வேண்டும், பொத்தானும் போட முடியாது. திறந்துவிட்டுக்கொண்டு நடக்கிறேன், மோர்ப்பந்தலில் யாராவது சிரிக்கட்டும்.

என் பையை நானே தூக்கிக்கொள்வேன். உன்னை விட மெதுவாகத்தான் வருவேன். வழியில் என்னைக் காணவில்லை என்றால் கோவிந்தா சொல்லாதே. பேரைச் சொல்லிக் கூப்பிடு.

உன்
ராமராஜன்