வீரரின் குடுமி

ஆகஸ்ட் 12
துறைமுகத்தில் படப்பிடிப்பாம். வெள்ளைக்காரனை எதிர்த்த ஒரு விடுதலை வீரரின் கதை. நான் வேலை செய்யும் ஓர்ஸ் ஹில் கந்தோரில் முழுநாளும் இதே பேச்சு. அந்த வீரருக்கு மனைவி இருந்தாளா என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. இந்தப் புதினப் பேச்சில் மாத்திரையை மறந்துவிட்டேன். என் மனுசன் இராகுலனிடம் ஏச்சு வாங்கினேன்.

ஆகஸ்ட் 14
கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த இவரை, படத்தின் நெறியாளர் தனஞ்சயன் பின்பக்கமாகப் பார்த்தே நடிக்கப் பிடித்துவிட்டார். வீரர் சிறையிலிருந்து தப்பி வள்ளத்தில் தனியாகப் போகிற காட்சி. பெரிய நடிகருக்குத் தண்டு வலிக்கத் தெரியாதாம். ஆகவே முகம் அவருடையது, முதுகும் குடுமியும் இவருடையவை.

இரண்டு வருசமாக இவர் முடி வெட்டவில்லை. வெருகல் முருகனுக்கு நேர்த்தி. எதற்கென்று கேட்டால், "நிறைவேத்துமட்டும் சொல்லக்கூடாது" என்பார். எனக்கு மண்டை வெடிக்கும்.

ஆகஸ்ட் 23
நடிகருக்குக் காய்ச்சல். படப்பிடிப்பு தள்ளிப் போகிறது.

செப்டெம்பர் 1
தள்ளிப் போய் எங்கே விழுந்திருக்கிறது — வெருகல் தீர்த்தத் திருவிழாவுக்கு மறுநாள். தீர்த்தத்தன்று இவர் மொட்டையடிக்க வேண்டும். மறுநாள் அவர்களுக்குக் குடுமி வேண்டும். தனஞ்சயன் வீடு தேடி வந்து கதிரை நுனியில் இருந்தார்.

"அண்ணை, ஒரு நாள்தானே. முருகன் கோவிக்க மாட்டார்."

"ஏலாது தம்பி. சொன்ன நாளுக்குச் செய்ய வேணும்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. தியேட்டரில் இவரின் முதுகைப் பார்க்க எவ்வளவு ஆசைப்பட்டனான். அப்பிடி என்ன பெரிய நேர்த்தி? இவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

செப்டெம்பர் 6
வெருகல். ஆற்றங்கரையில் குனிந்து இருந்தார். முடி கொத்துக் கொத்தாக விழுந்தது. முழுகி எழும்பி, சந்தனம் பூசிய தலையோடு வந்து சிரித்தார்.

"இனிச் சொல்லலாம். உம்மை நெஞ்சு ஒப்பரேசனுக்கு உள்ளுக்குக் கொண்டுபோன அண்டைக்கு நேர்த்தி வைச்சனான். ரெண்டு வருசம் நீர் சுகமா இருந்தா முடி தாறன் எண்டு."

நான்தானா? வரும்போது பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

செப்டெம்பர் 7
மொட்டையைக் கண்டு தனஞ்சயன் தன் தலையில் கை வைத்தார். பிறகு இவரை ஒருமுறை சுற்றி வந்தார்.

"சரி. வீரர் மொட்டையடிச்சு, சாமியார் வேசத்தில தப்புறார்."

நடிகரின் தலையில் ரப்பர் மொட்டை ஒட்டினார்கள். வீரர் உண்மையில் எப்படித் தப்பினவர் என்று கேட்டேன். "அது ஒருத்தருக்கும் தெரியாது அக்கா" என்றார்.

ஜூன் 21
ஒன்பது மாதம் கழித்துப் படம் வந்துவிட்டது. இருவரும் போனோம். அந்தி வெயிலில் வள்ளம், தண்டு, மொட்டைத் தலை. தியேட்டரே கைதட்டியது. இவர் கூச்சத்தில் சீற்றுக்குள் புதைந்துபோனார். தலையில் முடி மறுபடி வளர்ந்திருந்ததால் ஒருவருக்கும் ஆளைத் தெரியவில்லை.

பின்வரிசையில் ஒரு தாய் தன் பிள்ளைக்குச் சொன்னாள்: "பாத்தியா மகள், நாட்டுக்காக மொட்டையடிச்ச மனுசன்."

திரும்பி, இல்லை, அது எனக்காக அடித்தது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. விட்டுவிட்டேன். நாட்டுக்கும் கொஞ்சம் இருக்கட்டும்.