வட்டத்தில் விட்டிருந்த இடம்

1934 ஜூலை, செவ்வாய் இரவு.

பள்ளித் திடலில் ஒரு ரம்புத்தான் பழத்தோல்கூடக் கிடக்கக் கூடாது, மதியம் யாரும் தனியாகச் சாப்பிடக் கூடாது என்று போன வாரம் சட்டம் போட்டவள் நான்தான். அதுவரை சூலியா தெரு ஜவுளிக்கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் ஒரு பக்கம், மாட்டுவண்டிக்காரர் மகள் காளியம்மா மட்டும் ஒரு பக்கம். பார்க்கச் சகிக்கவில்லை. முதலில் முகம் சுளித்தார்கள். இன்று மரத்தடியில் எல்லாரும் ஒரே வட்டமாக உட்கார்ந்தார்கள். மீன் துண்டுகள் கை மாறின. தரையும் துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

நான் எப்போதும்போல் வகுப்புக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டேன். டீச்சர் சாப்பிடுவதைப் பிள்ளைகள் பார்த்தால் மரியாதை போய்விடும் என்பது பெரிய வாத்தியாரின் கட்டளை.

காளியம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள்.

"டீச்சர், நீங்க மட்டும் தனியா சாப்பிடுறீங்களே! வெளிய வாங்க லா, எடம் வச்சிருக்கோம்."

"டீச்சர்கிட்ட இப்படித்தான் பேசுறதா? போ."

எதற்கு அவ்வளவு கடுமையாகச் சொன்னேனோ. அவள் அழவில்லை. என் காலடியில் கிடந்த ரம்புத்தான் தோலைக் குனிந்து பொறுக்கிக்கொண்டு போனாள்.

ஜன்னல் வழியே பார்த்தேன். வட்டத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். மணி அடிக்கும்வரை யாரும் அதில் நகர்ந்து உட்காரவில்லை.

மத்தியானச் சோறு பாதி அப்படியே இருக்கிறது. பசிக்கிறது. நாளைக்கும் அந்த இடத்தை விட்டுவைப்பார்களா, தெரியவில்லை. யாரிடம் போய்க் கேட்பது?